கழற்றி வைத்த வால்யூம் குமிழ்

ஒரு வீடியோ கேமை முப்பது வருஷமாகத் திட்டிக்கொண்டிருக்கும் ஆள் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். திட்டுவதற்குத் தகுதியான வேறு விஷயங்கள் என் வாழ்க்கையில் இல்லாமலில்லை. ஆனாலும் பழைய டி.வி. கேம் பற்றி எங்காவது பேச்சு வந்தால் போதும், எனக்குச் சுருக்கென்று ஏறிவிடும். அண்மையில் இணையத்தில் யாரோ ஒருவர் அந்த ஆட்டத்தைப் பற்றிப் பக்கம் பக்கமாக உருகியிருந்ததைப் படித்தேன். வந்த காலத்தில் விலைபோகவில்லையாம், அருமை தெரியாமல் விட்டுவிட்டார்களாம், இப்போது தேடித் தேடி ஆடுகிறார்களாம். அருமை! அதன் அருமையை என்னிடம் வந்து கேட்கட்டும்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் நான் ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் டிரெய்னி. வண்டிகளுக்கு உதிரி பாகங்கள் செய்யும் இடம். சொந்த ஊர் குருபரப்பள்ளிப் பக்கம். பஸ்ஸில் போய்வரும் தூரம்தான், ஆனால் காலை ஆறு மணி ஷிப்டுக்கு எந்த பஸ்ஸும் என்னைக் கொண்டுவந்து சேர்க்காது. அதனால் தொழிற்பேட்டைக்குப் பின்னால் ஒரு லைன் வீட்டில் அறை எடுத்துத் தங்கினேன். கூடத் தங்கியவன் பர்கூர்க்காரன். அதே கம்பெனியில், இரும்புத் தகட்டை அடித்து வடிவமாக்கும் பிரஸ் ஷாப்பில் டிரெய்னி. நான் அசெம்பிளி. அவனுக்கும் எனக்கும் ஒரே வயது, ஒரே ஷிப்ட், ஒரே கவலை. இரண்டு வருஷம் முடிந்தால் பர்மனென்ட் ஆக்குவார்கள், அல்லது நன்றி சொல்லி அனுப்புவார்கள். எனக்காவது திரும்பிப் போனால் மானாவாரி நிலம் கொஞ்சம் இருந்தது. அவனுக்கு இருந்தது கல் குவாரி மட்டும்தான். இங்கே வருவதற்கு முன் மூன்று வருஷம் அங்கே பாறையில் துளை போடும் மிஷினைப் பிடித்திருந்தான். "அங்க மட்டும் திரும்பிப் போவ மாட்டேன்டா" என்பதை வாரத்துக்கு ஒருமுறையாவது சொல்வான். அவன் எதைச் சொன்னாலும் உரக்கத்தான் சொல்வான். குவாரிக்காரர்கள் அப்படித்தான் என்று நான் முடிவு கட்டியிருந்தேன்.

லைன் வீடு என்றால் ராகி விளைந்த நிலத்தில் வரிசையாக எட்டு அறை. மேலே ஆஸ்பெஸ்டாஸ், நடுவில் ஒற்றைச் செங்கல் சுவர். இந்த அறையில் ஒருவன் இருமினால் அடுத்த அறையில் இருப்பவன் தண்ணீர் கொண்டுவந்து தரலாம். எட்டு அறையிலும் வெவ்வேறு கம்பெனி ஆட்கள். எந்த நேரம் எடுத்துக்கொண்டாலும் யாராவது ஒருவர் நைட் ஷிப்ட் முடித்துத் தூங்கிக்கொண்டிருப்பார். ஞாயிற்றுக்கிழமைகூட ஓசூரில் எல்லோருக்கும் ஒரே நாளில் வராது. ஒரு கம்பெனிக்கு வெள்ளி லீவு, இன்னொன்றுக்குத் திங்கள். ஆகவே வருஷம் முழுவதும், பகல் முழுவதும், அந்த லைனில் சத்தம் கூடாது. கடைசி அறைக்குப் பக்கத்தில் குடியிருந்த வீட்டுக்கார அம்மா போட்ட சட்டம் அது.

அந்த அம்மா வீட்டில் தெலுங்கு பேசுகிறவர். எங்களிடம் தமிழில் பேசினாலும் கோபம் தெலுங்கில்தான் தொடங்கும். "ஏமப்பா, ராத்திரியெல்லாம் கண்ணு முழிச்ச ஆளுங்க தூங்கறாங்க. சத்தம் கேட்டுச்சின்னா பீஸ் கட்டைய புடுங்கிடுவேன், ஆமா!" சொன்னதோடு நிற்கவில்லை, ஒருமுறை பிடுங்கியும் காட்டினார்.

அதற்குக் காரணம் அந்த டி.வி. கேம்தான். பர்கூர்க்காரன் பெங்களூருக்குப் போய் ஒரு நடைபாதைக் கடையில் அதை வாங்கி வந்தான். எல்லையில் அத்திப்பள்ளி செக்போஸ்ட்டில் பிடித்துவிடுவார்கள் என்று யாரோ கிளப்பிவிட, லுங்கியில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வியர்த்து வழிந்துகொண்டு வந்திருக்கிறான். செக்போஸ்ட்டில் யாரும் அவனைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. எங்களிடம் ஏற்கெனவே பழைய கறுப்பு வெள்ளை போர்ட்டபிள் டி.வி. ஒன்று இருந்தது. இரண்டையும் இணைத்த முதல் நாளே கொய்ங் கொய்ங் என்று சத்தம் போட்டு ஆடினோம். கால் மணி நேரத்தில் பீஸ் கட்டை அந்த அம்மாவின் கைக்குப் போய்விட்டது.

கெஞ்சினோம். கடைசியில் சமாதானத்துக்கு ஒரு வழி கண்டுபிடித்தவன் பர்கூர்க்காரன். டி.வி.யின் வால்யூமைச் சுத்தமாகக் குறைத்து, அந்தக் குமிழைப் பிடுங்கிக் கழற்றி, அந்த அம்மாவிடமே கொடுத்துவிட்டான். "இத நீயே வெச்சிக்கோம்மா. இனிமே நாங்களே நெனச்சாலும் சத்தம் வராது" என்றான். அவர் அதை வாங்கிச் சாமி படத்துக்குக் கீழே மஞ்சள் குங்குமக் கிண்ணங்களோடு வைத்துக்கொண்டார். பீஸ் கட்டை திரும்பி வந்தது. அன்றிலிருந்து நாங்கள் ஆடியதெல்லாம் ஊமை ஆட்டம்.

கேசட்டின் மேல் நூற்றுப் பத்து ஆட்டங்கள் என்று அச்சடித்திருந்தது. எட்டாவதிலிருந்து முதல் ஏழே வேறு வேறு பெயரில் திரும்பத் திரும்ப வந்தன. ஏமாந்ததைக்கூட மன்னித்துவிடலாம். அந்த ஏழில் ஆறு ஆட்டங்களை இரண்டு வாரத்தில் கரைத்துக் குடித்துவிட்டோம். மிச்சமிருந்த ஒன்றுதான் எங்கள் உயிரை வாங்கியது.

அதன் பெயர் எங்களுக்கு அப்போது தெரியாது. திரையில் ஏதோ சீன எழுத்தோ ஜப்பான் எழுத்தோ வரும். நாங்கள் விளக்குக்காரன் ஆட்டம் என்றோம். கையில் ஒரு விளக்கோடு ஒருவன் சுரங்கத்துக்குள் நடக்கிறான். வௌவால், உருளும் கல், திடீரென்று பிளக்கும் தரை என்று எல்லாமே அவனைக் கொல்லக் காத்திருக்கின்றன. எல்லாவற்றையும் தாண்டி முக்கால் மணி நேரம் போனால் ஒரு அறை வரும். மூன்று கதவுகள். மூன்றும் அச்சில் வார்த்த ஒரே கதவு. ஒன்றைத் திறந்தால் அதே போல இன்னொரு அறை, இன்னும் மூன்று கதவுகள். மற்ற இரண்டில் எதைத் திறந்தாலும் சுரங்கத்தின் வாசலுக்கே கொண்டுபோய் விட்டுவிடும். முக்கால் மணி நேரம் பாழ். மறுபடி முதல் வௌவாலிலிருந்து தொடங்க வேண்டும்.

விட்ட இடத்திலிருந்து தொடர்கிற வசதியெல்லாம் அதில் கிடையாது. கரண்ட் போனால் போச்சு. அடாப்டர் சூடாகிப் படம் நெளிந்தால் போச்சு. கேசட்டை எடுத்து ஊதி மறுபடி சொருகினால் போச்சு. ஜாய்ஸ்டிக்கில் குதிக்கிற பட்டனின் ரப்பர் தேய்ந்து, சாய்த்து அழுத்தினால்தான் குதிப்பான். சுவரில் ஓங்கி அடிக்கலாம் போலிருக்கும். ஆனால் அதுவும் சத்தம்.

அந்தக் கதவுகளின் சூட்சுமத்தைக் கண்டுபிடிக்க நாங்கள் பட்டபாடு கொஞ்சமில்லை. காலண்டர் தாள்களின் பின்பக்கம் குறித்து வைத்தோம். இடது, நடு, வலது. இன்றைக்கு இடது சரியாக இருந்தால் நாளைக்கு வலது சரியாக இருக்கும். உயிர் எத்தனை மிச்சமிருக்கிறது, விளக்கில் எண்ணெய் எவ்வளவு, எத்தனை வௌவாலைக் கொன்றோம் என்று எதை எதையோ சேர்த்துப் பார்த்தோம். ஒன்றும் ஒத்துவரவில்லை. குருட்டாம்போக்கில் இரண்டு அறை தாண்டுவோம், மூன்றாவதில் கவிழ்வோம். ஒன்றரை வருஷத்தில் மூன்றாவது அறையைத் தாண்டியது ஒரே ஒரு முறை. அதற்கு அப்புறம் எத்தனை அறை என்றுகூடத் தெரியாது.

ஆடுவதில் பர்கூர்க்காரன்தான் கெட்டிக்காரன் என்பதை எரிச்சலோடு ஒப்புக்கொள்கிறேன். அவன் கண் அப்படி. வௌவால் இறங்குவதற்கு முன் அதன் ஒரு இறகு லேசாகத் துடிக்கும் என்று கண்டுபிடித்தவன் அவன்தான். எனக்கு அவன் காட்டின பிறகும் பத்துத் தடவை பார்த்தால்தான் தெரிந்தது. அதனால் சுரங்கத்தை அவன் ஆடுவான், கதவுகளுக்கு நான் பின்னாலிருந்து யோசனை சொல்வேன். அங்கேதான் எங்களுக்குச் சண்டை வரும். மதியம் மூன்று மணி, பக்கத்து அறையில் ஆள் தூங்குகிறார். நான் அவன் முதுகுக்குப் பின்னாலிருந்து கிசுகிசுப்பாக "வலது, வலது" என்பேன். அவன் இடது கதவைத் திறப்பான். திறந்து வாசலுக்குப் போய் விழுவான்.

"சொன்னனில்ல, வலதுன்னு?"

திரும்பி என் வாயைப் பார்ப்பான். "எப்ப சொன்ன?" என்று சுவர் அதிரக் கேட்பான். உடனே அந்த அம்மாவின் குரல் வெளியிலிருந்து வரும்.

எனக்குப் பற்றிக்கொண்டு வரும். வேண்டுமென்றே செய்கிறான், என் யோசனையைக் கேட்டு ஜெயித்ததாக ஆகிவிடக்கூடாது என்ற திமிர் என்று நினைத்தேன். ஒருமுறை அப்படி நாலு நாள் பேசாமலே இருந்தோம். நான் பேசாமல் இருப்பது அவனுக்குத் தெரியவே மூன்று நாள் ஆனது. அது இன்னும் கடுப்பாக இருந்தது.

வருஷத்தில் ஒரே ஒரு நாள் ஓசூர் முழுவதும் தூங்காமல் இருக்கும். ஆயுத பூஜை. எல்லாக் கம்பெனிகளிலும் மிஷின்கள் நிற்கும். முந்தின நாளே எண்ணெய் பிசுக்கைத் துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, வாழைக்கன்று கட்டி, காலையில் பூஜை போட்டு, வாசலில் பூசணிக்காய் உடைத்து, கையில் பொரியும் கடலையும் இனிப்பும் கொடுத்து அனுப்பிவிடுவார்கள். நைட் ஷிப்டே கிடையாது. அந்த ஒரு பகலில் எங்கள் லைனில் எட்டு அறைக் கதவுகளும் ஒன்றாகத் திறந்திருக்கும்.

எங்கள் டிரெய்னி காலம் முடியும் வருஷத்து ஆயுத பூஜை அது. முந்தின வருஷம் இரண்டு பேரும் ஊருக்குப் போய்விட்டிருந்தோம். நாங்களும் அறைக்கு வந்து எங்கள் ஆயுதத்துக்குப் பூஜை போட்டோம். டி.வி.க்கு ஒரு பொட்டு, டி.வி. கேமுக்கு ஒரு பொட்டு, ஜாய்ஸ்டிக் இரண்டுக்கும் ஆளுக்கொரு பொட்டு. வீட்டுக்கார அம்மா சுண்டல் கொண்டுவந்தவர் இதைப் பார்த்துச் சிரித்தார். போய், சாமி படத்துக்குக் கீழே இருந்த வால்யூம் குமிழை எடுத்துவந்து கொடுத்தார். அதிலும் குங்குமம் ஒட்டியிருந்தது.

"இன்னிக்கி ஒருநாளு வெச்சிக்கோங்கப்பா. நாளைக்கி குடுத்துடணும்" என்றார்.

குமிழை மாட்டித் திருகினேன். விளக்குக்காரன் ஆட்டத்துக்குப் பாட்டு இருக்கிறது என்பதே அப்போதுதான் தெரிந்தது. மத்தளம் மாதிரி தும் தும் என்று ஒன்று அடியில் ஓடிக்கொண்டிருந்தது. பர்கூர்க்காரன் அதற்குத் தலையாட்டிக்கொண்டே ஆடினான். சுரங்கம் முடிந்தது. மூன்று கதவு அறை வந்ததும் மத்தளம் நின்றுவிட்டது. அவன் விளக்குக்காரனை இடது கதவுக்கு முன் நிறுத்தினான். ஒன்றுமில்லை. நடுக்கதவைக் கடந்து வலது கதவுக்குப் போனபோது எனக்குக் கேட்டது. டிக். டிக். தண்ணீர் சொட்டுகிற மெல்லிய சத்தம். இந்தப் பக்கம் நகர்ந்தால் நின்றது, அந்தக் கதவுக்கு முன் வந்தால் மறுபடி சொட்டியது.

"அதுதான்! அதத் தொற!" என்று கத்தினேன். அன்றைக்குத்தான் கத்தலாமே.

திறந்தான். அடுத்த அறை. ஜாய்ஸ்டிக்கை அவன் கையிலிருந்து பிடுங்கினேன். நடுக்கதவில் சொட்டியது. திறந்தேன். மூன்றாவது அறை, இடது. நான்காவது, இடது. ஐந்தாவது, வலது. அவ்வளவுதான், ஐந்தே அறை. தாண்டிவிட்டேன். ஒன்றரை வருஷம்! காலண்டர் தாள், கணக்கு, நாலு நாள் மௌனம் எல்லாம் எதற்கு? ஒரு குழந்தைகூட முதல் நாளே கண்டுபிடித்திருக்கும். எங்களைப் போல வால்யூம் குமிழைக் கழற்றிச் சாமிக்குப் படைத்தவர்களைத் தவிர உலகத்தில் யாரும் அந்த அறையில் மாட்டியிருக்க மாட்டார்கள். சிரிப்பும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன.

"எப்பிட்றா கண்டுபுடிச்ச?" என்றான் அவன்.

"சத்தம் வருதில்ல, அத வெச்சித்தான்."

"என்னா சத்தம்? பாட்டுதான் நின்னுபோச்சே."

"தண்ணி சொட்டுதுல்ல."

அவன் என் வாயைப் பார்த்தான். பிறகு திரையைப் பார்த்தான். அதற்குள் ஒரு பெரிய கல் பூதம் வந்து விளக்குக்காரனை மிதித்துக் கொன்றிருந்தது. அவன் ஜாய்ஸ்டிக்கை வாங்கிக்கொண்டு முதலிலிருந்து ஆடினான். முக்கால் மணி நேரம். கதவு அறைக்கு வந்ததும் குமிழைக் கடைசிவரை திருகிவிட்டு, டி.வி.யின் ஸ்பீக்கர் ஓட்டைகளில் காதை ஒட்டிவைத்தான். அந்தக் காதை எடுத்து மறு காதை வைத்தான். சொட்டுச் சத்தம் வெளியே லைன் முழுவதும் கேட்டிருக்கும்.

"இப்ப வருதா?" என்றான்.

"வருது."

"இப்ப?"

"இப்பவும் வருது."

எழுந்து உட்கார்ந்தான். ஜாய்ஸ்டிக்கைத் தரையில் வைத்தான். எனக்கு அப்போதுதான் ஒவ்வொன்றாக உறைத்தது. அந்த உரத்த குரல், வாயைப் பார்ப்பது, கிசுகிசுப்பாகச் சொன்ன எந்த யோசனையையும் அவன் கேட்காதது. இரண்டு வருஷம் ஒரே அறையில் படுத்தவன், ஒருமுறைகூட எனக்குத் தோன்றவில்லை. என் மேலேயே எனக்கு வெறுப்பாக இருந்தது.

அவனே சொன்னான். பேச்செல்லாம் கேட்கும், மத்தளம் கேட்கும், மெல்லிசான சத்தங்கள் மட்டும் விழுவதில்லை. காதுக்குள் எந்நேரமும் வண்டு ஒன்று ரீங்காரம் போட்டுக்கொண்டே இருக்கிறது. குவாரியில் தொடங்கியது, பிரஸ் ஷாப்பில் அதிகமானது. பிரஸ் ஷாப்பில் காதில் வைத்துக்கொள்ளப் பஞ்சு கொடுப்பார்கள். யாரும் வைப்பதில்லை, வைத்தால் கூட இருப்பவர்கள் கேலி பண்ணுவார்கள்.

"மெடிக்கல்ல காது பாப்பாங்களாம்டா" என்றான். அன்றைக்குத்தான் அவன் மெதுவாகப் பேசி நான் கேட்டேன்.

பர்மனென்ட் ஆக்குவதற்கு முன் கம்பெனியில் மெடிக்கல் வைப்பார்கள். தீபாவளி முடிந்ததும் எங்கள் முறை. அதில் தேறாதவனை அனுப்பிவிடுவார்கள் என்று எங்கள் எல்லோருக்கும் தெரியும். எப்படித் தெரியும் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. எல்லோரும் சொன்னார்கள், எல்லோரும் நம்பினோம். ஆபீசில் போய்க் கேட்கலாமென்றால், கேட்கிறவனுக்கு ஏதோ கோளாறு இருக்கிறது என்று அவர்களே கண்டுபிடித்துவிடுவார்களே.

அசெம்பிளிக்காரர்களுக்கு முதலில் மெடிக்கல், பிரஸ் ஷாப்புக்கு மூன்று நாள் கழித்து. "நீ போயி நல்லா பாத்துட்டு வா. எப்பிடி பண்றாங்க, என்னா பண்றாங்கன்னு ஒண்ணு விடாம பாரு" என்று சொல்லி அனுப்பினான்.

பார்த்தேன். டிஸ்பென்சரிக்குப் பின்னால் ஒரு சின்ன அறை. பெங்களூரிலிருந்து மிஷினோடு வந்திருந்த ஆள் கன்னடத்தில் "முந்தே பன்னி" என்று ஒவ்வொருவராக உள்ளே கூப்பிட்டார். காதில் ஒரு ஹெட்போனை மாட்டி, சுவரைப் பார்த்து உட்காரவைத்து, சத்தம் கேட்டால் விரலைத் தூக்கச் சொன்னார். பிறகு என் முதுகுக்குப் பின்னால் மேஜையில் உட்கார்ந்துகொண்டார். சத்தம் வந்தது, தூக்கினேன். வந்தது, தூக்கினேன். என் கண்ணுக்கு நேரே சுவரோரம் மருந்து அலமாரி, கண்ணாடிக் கதவு போட்டது. அந்தக் கண்ணாடியில் பின்னாலிருக்கும் ஆள் மங்கலாகத் தெரிந்தார். சத்தத்தை அனுப்ப ஒவ்வொரு தடவை மிஷின் பட்டனை அழுத்தும்போதும் அவருடைய வலது முழங்கை லேசாக மேலே எழும்பியது.

அறைக்கு ஓடிவந்து சொன்னேன். ஒன்றரை வருஷம் கதவு அறையில் உருப்படியாக ஒரு யோசனை சொல்லாதவன், அன்றைக்குச் சொன்னேன். பர்கூர்க்காரனின் முகம் மலர்ந்தது. வௌவாலின் இறகைப் பார்த்தவனுக்கு முழங்கை ஒரு பொருட்டா?

மூன்று நாளும் மதியம் வந்ததும் பயிற்சி. ஷேவிங் கண்ணாடியைச் சுவரில் மாட்டி அதற்கு முன் அவன் உட்காருவான். பின்னால் நான் உட்கார்ந்து தீப்பெட்டியைப் பட்டன் மாதிரி அழுத்துவேன். முழங்கையை எவ்வளவு கம்மியாக அசைத்தாலும் அவன் விரல் எழும்பிவிடும். சுத்தமாகச் சத்தமே இல்லாத ஆட்டம். எங்கள் அறையில் அவன் ஒருமுறைகூடத் தோற்காத ஆட்டம் அது ஒன்றுதான்.

"எல்லாத்துக்கும் தூக்காதடா. சந்தேகப்படுவாங்க. நடுவுல ரெண்டு மூணு விட்டுடு" என்றேன்.

"விடச்சொன்னா எத விடறது?" என்று சிரித்தான்.

மெடிக்கல் அன்று ஒன்றையும் விடவில்லை போலிருக்கிறது. மிஷின் ஆள் அவன் தோளைத் தட்டி, இவ்வளவு பேரில் உன் காதுதான் நம்பர் ஒன் என்றாராம். அன்று சாயங்காலம் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் போய் ஆளுக்கு இரண்டு பரோட்டா சாப்பிட்டோம். ஜெயித்துவிட்டோம் என்றுதான் நினைத்தோம்.

பொங்கலுக்கு முன் ஆர்டர் வந்தது. இரண்டு பேரும் பர்மனென்ட். அவனுக்குப் பிரஸ் ஷாப்பிலேயே, புதிதாக வந்திருந்த பெரிய பிரஸ்ஸில் போட்டிருந்தார்கள். காண்டீனில் எல்லோரும் கைகொடுத்துக்கொண்டிருந்தபோது, அவனோடு பிரஸ் ஷாப்பில் இருந்த திண்டுக்கல் பக்கத்து டிரெய்னி ஒருவனும் எங்கள் மேஜைக்கு வந்தான். அவன் கையிலும் ஆர்டர்.

"என்னைய இன்ஸ்பெக்சனுக்கு மாத்திட்டாய்ங்கப்பா" என்றான். "மெடிக்கல்ல ஒரு காது சரியா கேக்கலைன்னு வந்துருக்கு. சத்தம் இல்லாத எடத்துல போடுறோம், பிரஸ்ஸு வேணாம்னு சொல்லிட்டாய்ங்க. அங்க ஏசி ரூமு தெரியுமா!"

காது கேட்காதவனை அனுப்புவதற்கு அல்ல, பிரஸ்ஸிலிருந்து எடுப்பதற்குத்தான் அந்தச் சோதனை. நல்ல காது உள்ளவனைப் பார்த்துப் பெரிய பிரஸ்ஸுக்குப் போட்டிருக்கிறார்கள். அவர்கள் செய்தது நியாயம்தான். ஏமாற்றியது நாங்கள்தான்.

பர்கூர்க்காரன் திண்டுக்கல்காரனின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தான். முழுவதும் புரிந்துவிட்டது என்பது எனக்குத் தெரிந்தது. டீயைக் குடித்து முடித்தான். ஆர்டரை மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்தான்.

"ஆபீசுல போயி சொல்லிடுடா. காது கேக்கலன்னு சொல்லு" என்றேன் வழியில்.

"அப்ப அன்னைக்கி எப்பிடி பாஸ் ஆனேன்னு கேப்பாங்களே. ஏமாத்துனேன்னு சொல்றதா? வேலையே போயிடும்" என்றான்.

அதற்குப் பிறகு ஆட்டம் பிடிக்கவில்லை. குமிழ் அந்த அம்மாவிடமே இருந்தது. அடுத்த வருஷம் எனக்குக் கல்யாணமாகி வேறு வீடு போனபோது டி.வி. கேமை என்னிடம் கொடுத்துவிட்டான். நான் அதைப் பரணில் போட்டுவிட்டேன். பெரிய பிரஸ் ஒருமுறை இறங்கினால் அசெம்பிளியில் எங்கள் மேஜையில் இருக்கும் நட்டுகள் துள்ளும். ஒவ்வொரு துள்ளலுக்கும் அவனை நினைத்துக்கொள்வேன். பிறகு பழகிவிட்டது. பழகியது எனக்குத்தான்.

தொண்ணூறுகளின் கடைசியில், ஒரு ஆயுத பூஜை அன்று, குடும்பத்தோடு எங்கள் வீட்டுக்கு வந்தான். அதற்குள் பேச்சே அவன் காதில் சரியாக விழுவதில்லை. அவன் மனைவி அவனுக்கு நேரே முகத்தைத் திருப்பி, வாயை நன்றாக அசைத்துப் பேசினாள். அவன் உட்கார்ந்த வேகத்தில் கேட்டது டி.வி. கேமைத்தான். பரணிலிருந்து எடுத்துத் தூசி தட்டி, கேசட்டை ஊதி, கலர் டி.வி.யில் மாட்டினேன். விளக்குக்காரனின் சட்டை சிவப்பு என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

சுரங்கத்தை அவன் ஆடினான். கண் கொஞ்சமும் மங்கவில்லை. கதவு அறை வந்ததும் நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தான். நான் வால்யூமைக் கூட்டிவிட்டு டி.வி.க்குப் பக்கத்தில், அவனுக்குத் தெரிகிற மாதிரி உட்கார்ந்தேன். விளக்குக்காரன் ஒவ்வொரு கதவாக நடந்தான். சொட்டுச் சத்தம் கேட்டதும் விரலைத் தூக்கினேன். திறந்தான். அடுத்த அறையிலும் தூக்கினேன். ஐந்து அறை. கல் பூதத்தை ஒரே மூச்சில் முடித்தான். விளக்குக்காரன் வெளியே வந்து விளக்கை ஊதி அணைத்தான். எங்களுக்குப் படிக்கத் தெரியாத எழுத்துகள் கீழிருந்து மேலே போயின. அவ்வளவுதான். இதற்காகவா என்றிருந்தது.

அவன் ஜாய்ஸ்டிக்கைக் கீழே வைத்துவிட்டு என் பக்கம் நகர்ந்து வந்தான். என் தோளில் கைபோட்டு, காதுக்கருகே வாயைக் கொண்டுவந்து சொன்னான்.

"நீ அன்னைக்கி அந்தக் கண்ணாடியப் பாக்காம இருந்திருக்கலாம்டா."

ரகசியமாகச் சொல்வதாகத்தான் நினைத்திருப்பான். வீடு முழுவதும் கேட்டது. அவன் மனைவி தலையைக் குனிந்துகொண்டாள். அடுப்படியிலிருந்து என் மனைவி கரண்டியோடு வெளியே வந்து எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"எந்தக் கண்ணாடிங்க?" என்று கேட்டாள்.